டிஸ்க்கில் எழுதியது எந்தக் குழு? லினக்ஸ் கெர்னலில் கணக்கு எடுக்கும் வழிகள்

சர்வரில் டிஸ்க் திணறும்போது, டிஸ்க் கோரிக்கைகளைக் காட்டும் பயோஸ்னூப் கருவியை ஓட்டிப் பார்த்தால், எழுதுகிறவர்கள் வரிசையில் பெரும்பாலும் கேவொர்க்கர்தான் நிற்கும். அது கெர்னலின் சொந்த வேலையாள். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. லினக்ஸில் ஒரு புரோகிராம் கோப்பில் எழுதினால், தரவு முதலில் பேஜ் கேஷில், அதாவது கோப்புத் தரவுக்கான நினைவக இடத்தில், போய் உட்கார்கிறது. அந்த நினைவகப் பக்கம் டர்ட்டி (இன்னும் டிஸ்க்குக்குப் போகாதது) ஆகிறது, அவ்வளவுதான். வழக்கமான அமைப்பில் ஃப்ளஷர் (கேவொர்க்கராக ஓடும் கெர்னல் வேலை) 5 விநாடிக்கு ஒருமுறை விழித்து, 30 விநாடிக்கு மேல் காத்திருக்கும் பக்கங்களை டிஸ்க்குக்கு அனுப்பும். இதற்குப் பெயர் ரைட்பேக். அதற்குள் எழுதிய புரோகிராம் வேலை முடிந்து வெளியேறியே போயிருக்கலாம்.

ஆகவே, எந்தச் சிகுரூப் (புராசஸ்களைச் சேர்த்துக் கணக்கிடவும் எல்லை வைக்கவும் கெர்னல் அமைக்கும் குழு) எழுதியது என்பதற்கான பதில், எந்த இடத்தில் நின்று எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து மாறும். வேகத்தைக் கட்டுப்படுத்த ஒரு கணக்கு, காரணம் யாரென்று தேட இன்னொரு கணக்கு வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. இரண்டுக்கும் ஒரே எண்ணை நம்புகிறவர்கள்தான் பெரும்பாலும் தவறான கன்டெய்னரை (தனக்கென ஒரு சிகுரூப்பில் ஓடும் பயன்பாட்டை) பிடிக்கிறார்கள்.

முதல் வழி, டிஸ்க்குக்கு அனுப்பும் நேரத்தில் எண்ணுவது. சிகுரூப் முதல் பதிப்பின் பிஎல்கே-ஐஓ கன்ட்ரோலர் (டிஸ்க் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பகுதி) இப்படித்தான் இருந்தது. கோரிக்கையை அனுப்பும் திரெட் எந்தக் குழுவில் இருக்கிறதோ, அதன் கணக்கில் ஏறும். படிப்பதற்கும், பேஜ் கேஷைத் தாண்டிப் போகும் டைரக்ட் ஐஓவுக்கும் இது சரி. சாதாரண எழுத்தை அனுப்புவது ஃப்ளஷர் என்பதால், அது எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ரூட் குழுவின் தலையில் விழும். விநாடிக்கு 1 எம்பி என்று எல்லை வைத்துவிட்டு, தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையை டைரக்ட் கொடி இல்லாமல் ஓட்டினால், எல்லை இருப்பதே தெரியாமல் எழுத்து பாயும். எஃப்சிங்க் (கோப்பை உடனே டிஸ்க்குக்கு அனுப்பச் சொல்லும் அழைப்பு) செய்தால் மட்டும் அழைத்தவர் பெயரிலேயே போகும். இன்றைக்கு இதை எழுத்துக் கட்டுப்பாட்டுக்கு நம்ப ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவது, ஒவ்வொரு பக்கத்திலும் உரிமையாளர் முத்திரை குத்துவது. கேட்டவுடன் நியாயமாகத் தோன்றும். யார் டர்ட்டி ஆக்கினாரோ அவர் அடையாளம் அந்த 4 கேபி பக்கத்தோடே இருக்கும். இந்த வகையில் பேட்ச்கள் வந்தன, ஆனால் எழுத்துக் கணக்கின் அடித்தளமாக அவை கெர்னலில் நிலைக்கவில்லை. காரணம் நினைவகச் செலவு மட்டும் இல்லை. ஃப்ளஷர் வேலை செய்வது ஐநோட் (ஒரு கோப்புக்கான கெர்னல் பதிவு) வாரியாக. ஒரு கோப்பின் அடுத்தடுத்த பக்கங்களைச் சேர்த்துப் பெரிய கோரிக்கையாக அனுப்புவதில்தான் வேகமே இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் உரிமையாளர் மாறினால் அந்தக் கோரிக்கை துண்டு துண்டாக உடையும். ஒரே கோப்பின் சில பக்கங்கள் மெதுவான குழுவின் வரிசையில் மாட்டிக்கொண்டால், அந்தக் கோப்பை எஃப்சிங்க் செய்யும் வேகமான குழுவும் சேர்ந்து காத்துக் கிடக்கும்.

அப்புறம் வந்ததுதான் இப்போது நாம் பயன்படுத்தும் மூன்றாவது வழி. 2015இல் வந்த 4.2 கெர்னலில் டேஜுன் ஹியோ சேர்த்த சிகுரூப் ரைட்பேக் அது. நினைவகத்தின் உரிமை பக்க வாரியாகவே இருக்கும், ரைட்பேக்கின் உரிமை மட்டும் ஐநோட் வாரியாக. ஒரு ஐநோட் ஒரு குழுவுக்குச் சொந்தம், அதன் எல்லா எழுத்தும் அந்தக் குழுவின் கணக்கில். வேறு குழு அதே கோப்பில் எழுதத் தொடங்கினால் என்ன ஆகும்? இங்கேதான் வடிவமைப்பு அழகாக இருக்கிறது. ஒவ்வொரு ரைட்பேக் சுற்றிலும் போயர்-மூர் பெரும்பான்மை முறைப்படி அதிகம் எழுதியவர் யாரென்று கெர்னல் பார்க்கிறது. முடிவுகளை ஐநோட்டுக்கு 16 பிட் வரலாறாக வைத்துக்கொள்கிறது. பாதிக்கு மேல் பிட்கள் ‘வெளியாள் எழுதினார்’ என்று சொன்னால், உரிமை கைமாறுகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிக் கணக்குச் சுமை இல்லாமலே, காலப்போக்கில் சரியான ஆள் வந்து சேர்கிறார்.

ஆனால் இரண்டு கன்டெய்னர்கள் ஒரே லாக் கோப்பில் ஒரே நேரத்தில் எழுதினால் இது தடுமாறும். ஒன்றின் ஐஓ.ஸ்டாட்டில் (குழுவின் டிஸ்க் கணக்கைக் காட்டும் கோப்பு) எழுத்து பைட்டுகள் குவியும், மற்றது கையே வைக்காதது போல இருக்கும். எழுத்தில் பெரும் பகுதி தவறான கணக்கில் போகக்கூடும் என்று கெர்னல் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. விளைவு எண்களோடு நிற்பதில்லை. இரண்டாவது குழுவின் டர்ட்டி பக்கங்கள் பெருகி, கெர்னல் அதைத் தூங்க வைக்கும். அதன் சொந்த ரைட்பேக் வரிசையிலோ எழுத எதுவுமே இருக்காது. இதற்காகவே 5.4இல் பிறர் ஐநோட்டில் தேங்கிய பக்கங்களையும் வெளியேற்றச் சொல்லும் வசதி வந்தது.

நான்காவது, டர்ட்டி ஆகும் தருணத்தில் எண்ணுவது. ஒவ்வொரு புராசஸின் ப்ராக் கோப்பகத்திலும் இருக்கும் ஐஓ கோப்பின் ரைட்-பைட்ஸ் இப்படி எண்ணப்படுவது. அந்த நேரத்தில் எழுதியவரே சிபியூவில் ஓடிக்கொண்டிருப்பதால், ஆள் அடையாளத்தில் குழப்பம் வராது. குறை வேறு இடத்தில். 1 எம்பி தற்காலிகக் கோப்பு எழுதி உடனே அழித்தால் டிஸ்க்குக்கு எதுவும் போகாது, எண்ணில் மட்டும் 1 எம்பி ஏறியிருக்கும். அதைக் கழிக்க இருக்கும் கேன்சல்டு-ரைட்-பைட்ஸோ, அழித்தவர் கணக்கில் ஏறும், எழுதியவர் கணக்கில் அல்ல. புராசஸ் முடிந்தால் அந்தக் கோப்பும் மறையும் என்பதால், அடிக்கடி பிறந்து மறையும் புராசஸ்கள் உள்ள குழுவுக்கு இது போதாது. அங்கே பக்கம் டர்ட்டி ஆகும்போது தூண்டப்படும் ரைட்பேக் டிரேஸ்பாயின்ட்டில் (கெர்னலின் கண்காணிப்புப் புள்ளி) இபிபிஎஃப் (கெர்னலுக்குள் ஓடும் சிறு புரோகிராம்) கொக்கி மாட்டி, சிகுரூப் எண் வாரியாகக் கூட்டுவதையே நான் பரிந்துரைப்பேன்.

என் தேர்வு இதுதான்: எல்லை வைக்கச் சிகுரூப் இரண்டாம் பதிப்பு (மேலே சொன்ன மூன்றாவது வழி), சந்தேகம் வந்தால் மட்டும் டர்ட்டி தருணத்துக் கணக்கு. இரண்டும் பெரிதாக முரண்பட்டால், பகிர்ந்து எழுதும் கோப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். எல்லை வைக்கும் முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். ஒன்று ஃபைல் சிஸ்டம்: இஎக்ஸ்டி2, இஎக்ஸ்டி4, பிடிஆர்எஃப்எஸ், எஃப்2எஃப்எஸ், எக்ஸ்எஃப்எஸ் ஆகியவற்றை ஆவணம் பட்டியலிடுகிறது, ஆதரவு இல்லாதவற்றில் ரைட்பேக் முழுக்க ரூட் கணக்கில்தான். இன்னொன்று, அந்தக் குழுவில் ஐஓ, மெமரி இரண்டு கன்ட்ரோலரும் இயக்கப்பட்டிருக்க வேண்டும். மெமரியை விட்டுவிட்டால் டர்ட்டி பக்கங்கள் மேலே இருக்கும் குழுவுக்குச் சொந்தமாகி, எழுத்தும் அங்கேயே போய்ச் சேரும்.