ஆறு மாத ஜாவாவா, எல்டிஎஸ் ஜாவாவா?

மார்ச் வந்தால் ஒரு ஜாவா, செப்டம்பர் வந்தால் இன்னொரு ஜாவா. 2017 செப்டம்பரில் ஜாவா நிரல்மொழியின் 9ஆம் பதிப்பு வெளியானதிலிருந்து இதுதான் நடைமுறை. 8க்கும் 9க்கும் இடையே மூன்றரை ஆண்டு ஓடியிருந்தது. அப்போது எந்தப் பதிப்புக்கு எப்போது மாறுவது என்று யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. இப்போது ஆண்டுக்கு இரண்டு முறை அந்தக் கேள்வி வாசலில் வந்து நிற்கிறது. வழிகள் மூன்று. வருகிற ஒவ்வொரு பதிப்புக்கும் மாறிக்கொண்டே இருப்பது. நீண்டகால ஆதரவு கிடைக்கும் எல்டிஎஸ் பதிப்புகளில் (11, 17, 21, 25) மட்டும் கால் வைப்பது. ஓடுகிற வரை ஓடட்டும் என்று இருந்த இடத்திலேயே இருப்பது. ஸ்பிரிங் பூட் என்ற ஜாவா கட்டமைப்பில் எழுதிய எங்கள் சர்வர் நிரல்களை 17இலிருந்து 21க்குக் கொண்டுபோனபோது நாங்கள் எடுத்தது இரண்டாவது வழி. இன்றும் அந்தப் பக்கம்தான் சாய்கிறேன், எனவே இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாவது வழியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 8இலேயே தங்கிவிட்டவர் இன்று 21க்கு வரவேண்டுமென்றால், 11இல் எடுக்கப்பட்ட ஜேஏஎக்ஸ்பி (எக்ஸ்எம்எல்லை ஜாவா ஆப்ஜெக்ட்களாக மாற்றும் JAXB), 15இல் எடுக்கப்பட்ட நாஷோர்ன் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின், 16இலும் 17இலும் இறுகப் பூட்டப்பட்ட ஜேடிகேயின் (ஜாவா மேம்பாட்டுக் கருவித்தொகுப்பின்) உட்பகுதிகள், ஸ்பிரிங் பூட் 3இல் ‘ஜாவாஎக்ஸ்’ என்று தொடங்கும் தொகுப்புகள் ‘ஜகார்த்தா’ ஆன பெயர் மாற்றம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சந்திக்க வேண்டும். தனித்தனியாக வந்தால் ஒவ்வொன்றும் சமாளிக்கக்கூடியதுதான். மொத்தமாக வரும்போது எது எதனால் உடைந்தது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிடும். ஆண்டு முடிவில் மூடப்போகிற நிரல் என்றால் மட்டும் கை வைக்காமல் விடுங்கள்.

உண்மையான போட்டி முதல் இரண்டுக்கும் இடையேதான். அதற்குள் போகுமுன் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்க வேண்டும். எல்டிஎஸ் என்றால் ‘நன்றாகச் சோதிக்கப்பட்டது, உறுதியானது’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 21உம் 22உம் ஓப்பன்ஜேடிகே என்ற ஒரே திறந்த மூலநிரலிலிருந்து, ஒரே சோதனைகளைத் தாண்டி வெளிவந்தவை. எல்டிஎஸ் என்பது ஆரக்கிள், அமேசான் கொரெட்டோ, அசுல், எக்லிப்ஸ் டெமுரின் போன்ற விநியோகத்தார் ‘இதற்குப் பல ஆண்டுகள் திருத்தம் தருவோம்’ என்று கொடுக்கும் வாக்கு மட்டுமே. மற்ற பதிப்புகளுக்குப் பொதுவாக இரண்டு திருத்தங்கள் வரும். மார்ச்சில் வெளியானதற்கு ஏப்ரலிலும் ஜூலையிலும் வரும். அதன்பின் அடுத்த பதிப்பு வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே தரத்தை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது. தீர்மானிப்பது ஜாவாவே அல்ல, ஜாவாவைச் சுற்றியிருக்கும் கூட்டாளிகள். ஒரு சாதாரண திட்டத்தின் பில்டை, அதாவது நிரலைத் தொகுத்துச் சோதிக்கும் வேலையை எடுத்துப் பாருங்கள். லாம்பாக் என்ற லைப்ரரி, ஜாவா கம்பைலரின் உள்ளுக்குள் கை விடுகிறது. டெஸ்ட்களுக்குப் போலி ஆப்ஜெக்ட்களைத் தரும் மாக்கிட்டோ, பைட்பட்டி என்ற லைப்ரரி மூலம் ஓட்டத்தின்போதே புதிய கிளாஸ்களை உருவாக்குகிறது. ஜாகோகோ, கம்பைலர் தரும் பைட்கோடைத் திறந்து, டெஸ்ட்கள் எவ்வளவு நிரலைத் தொட்டன என்று கணக்கெடுக்கிறது. ஸ்பிரிங், கிளாஸ் ஃபைல்களைப் படிக்க ஏஎஸ்எம் லைப்ரரியின் ஒரு பிரதியைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் கிளாஸ் ஃபைலின் தலைப்பில் இருக்கும் பதிப்பு எண் முக்கியம். ஜாவா 17க்கு 61, 21க்கு 65, 22க்கு 66. தெரியாத எண்ணைப் பார்த்ததும் ‘அன்சப்போர்ட்டெட் கிளாஸ் ஃபைல் மேஜர் வெர்ஷன் 66’ என்று ஒற்றை வரியைத் துப்பிவிட்டு பில்டு நின்றுவிடும். நீங்கள் எழுதிய நிரலில் ஒரு குறையும் இருக்காது. உங்களால் செய்யக்கூடியதும் ஒன்றும் இருக்காது. அந்தக் கருவியின் அடுத்த வெளியீட்டுக்குக் காத்திருப்பதுதான் வேலை.

இப்போது காலக் கணக்கைப் போடலாம். ஜாவா 22 வந்தது 2024 மார்ச்சில். அதன்மேல் ஓடக்கூடிய பில்டுக் கருவியான கிரேடில் 8.8 வந்தது மே மாத இறுதியில். செப்டம்பரில் 23 வந்து 22இன் ஆயுளை முடித்தது. ஆறு மாத ஆயுளில் இரண்டு மாதத்துக்கு மேல் காத்திருப்பிலேயே கரைகிறது. எல்லாக் கூட்டாளிகளும் வந்து சேர்ந்து, சோதித்து, புரொடக்‌ஷனுக்குக் கொண்டுபோகும்போது அடுத்த வண்டிக்கு மணி அடித்துவிடுகிறார்கள். இதே காத்திருப்பு எல்டிஎஸ்ஸிலும் உண்டு. 21 வந்தது 2023 செப்டம்பரில். அதன்மேல் ஓடும் கிரேடில் 8.5, அதன் விர்ச்சுவல் த்ரெட்களை (உண்மையான சில த்ரெட்களைப் பகிர்ந்துகொண்டு ஓடும் இலகுவான த்ரெட்களை) ஒரே ஒரு அமைப்பு வரியில் இயக்கவிடும் ஸ்பிரிங் பூட் 3.2 இரண்டும் நவம்பரில்தான் வந்தன. ஆனால் பல ஆண்டு ஆயுளில் இரண்டு மாதம் போனால் யாருக்கும் வலிக்காது. என் சாய்வுக்கு முழுக் காரணமும் இந்த விகிதம்தான். நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும்: ஜாவா 23ஐ ஆதரிக்கும் கிரேடில், 23 வருவதற்கு முன்பே வந்துவிட்டது. கூட்டாளிகள் எல்லாரும் அப்படி முந்திக்கொள்ளத் தொடங்கினால் என் வாதம் பாதி பலம் இழந்துவிடும். கிரேடிலை பழைய ஜாவாவில் ஓட்டி, நிரலை மட்டும் புதிய ஜாவாவில் தொகுக்கும் டூல்செயின் வசதியும் இருக்கிறது. ஆனால் அது கிரேடிலின் சிக்கலை மட்டுமே தீர்க்கும்.

எல்டிஎஸ் வழியிலும் தொல்லை இல்லாமல் இல்லை. நான்கு பதிப்புகளின் மாற்றங்கள் ஒன்றாகத் தலையில் விழும். எங்களுக்கு 21இல் விழுந்த முதல் டெஸ்ட், நேரத்தை அச்சிடும் ஒன்று. எதிர்பார்த்தது ‘3:15 பிஎம்’, கிடைத்ததும் ‘3:15 பிஎம்’, ஆனாலும் இரண்டும் சமமில்லை என்றது. திரையில் எத்தனை முறை பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. ஜாவா 20இல், மொழிவாரித் தேதி, நேர வடிவங்களின் தொகுப்பான சிஎல்டிஆர் 42 தரவு சேர்க்கப்பட்டபோது, அமெரிக்க ஆங்கில நேர வடிவில் பிஎம்முக்கு முன் இருந்த சாதாரண இடைவெளி, பிரியாத குறுகிய இடைவெளியாக மாறியிருந்தது. பதினாறிம எண்ணாக அச்சிட்டுப் பார்த்தால் 20 இருந்த இடத்தில் 202எஃப். ஆறு மாதத்துக்கொரு முறை மாறுபவர் இது 20இல் வந்த மாற்றம் என்று உடனே ஊகித்திருப்பார். நாங்கள் 18, 19, 20, 21 நான்கின் வெளியீட்டுக் குறிப்புகளையும் புரட்ட வேண்டியிருந்தது.

தமிழில் தரவு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது 18இல் வந்த மாற்றம். அதற்கு முன் விண்டோஸில் ஜாவா, கணினியின் மொழி அமைப்பைப் பார்த்தே எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுக்கும். ஆங்கில விண்டோஸில் ஃபைல்ரைட்டர் கொண்டு ஒரு பெயரை எழுதினால் ‘முருகன்’ வரிசையாகக் கேள்விக்குறிகளாகிவிடும். 18இலிருந்து எல்லா இயங்குதளத்திலும் யுடிஎஃப்-8தான் இயல்புநிலை. இந்த ஒன்றுக்காகவே 17ஐ விட்டு வரலாம் என்பேன். பழைய குறியாக்கத்தில் எழுதிவைத்த கோப்புகள் இருந்தால் மட்டும் கவனம் தேவை. அதுவரை சமாளிக்க ‘ஃபைல்.என்கோடிங்’ அமைப்பில் ‘கம்பாட்’ என்று கொடுக்கலாம்.

ஆறு மாத வழிக்காரர்களின் வலுவான வாதம் விர்ச்சுவல் த்ரெட். 21இல் அது முழு வசதியாக வந்தது. ஆனால் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் நுழையக்கூடிய சிங்க்ரனைஸ்ட் தொகுதிக்குள் காத்திருக்க நேர்ந்தால், அடியில் தாங்கும் உண்மையான த்ரெடையும் பிடித்துக்கொண்டே நிற்கும் குறை இருந்தது. அது 2025 மார்ச்சில் 24இல்தான் தீர்ந்தது. எல்டிஎஸ்ஸை விட்டு நகராதவர்கள் செப்டம்பரில் 25 வரும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. அந்த ஆறு மாதம் பெரிதாகத் தோன்றும் நிறுவனங்கள் இருக்கலாம். எங்கள் சுமைக்கு அது ஒரு பொருட்டாகவே இல்லை. எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. எழுத்துச் சரத்துக்குள்ளேயே மதிப்புகளைப் பொருத்தும் ஸ்டிரிங் டெம்ப்ளேட் என்ற முன்னோட்ட வசதி 21இலும் 22இலும் இருந்தது. வடிவமைப்பில் திருப்தி இல்லாமல் 23இல் எடுத்துவிட்டார்கள். ஆசையாக அதை எழுதியவர்கள் பிறகு சரங்களை ஒட்டும் பிளஸ் குறிக்கே திரும்பினார்கள்.

இப்போது எங்கள் வழக்கம் இதுதான். செப்டம்பரில் எல்டிஎஸ் வந்ததும் தொடுவதில்லை. அக்டோபர் திருத்தம் போய் ஜனவரித் திருத்தம் வந்த பிறகு மாறுகிறோம். அதற்குள் கூட்டாளிகள் வந்து சேர்ந்துவிடுவார்கள். கூடவே, இரவில் ஓடும் ஒரு தனி பில்டு அப்போதைய புதிய ஜாவாவில் எல்லா டெஸ்ட்களையும் ஓட்டிப் பார்க்கும். அது விழுந்தால் யாருடைய வேலையும் நிற்காது, மறுநாள் காலை ஒருவர் பார்த்துக் குறித்துவைப்பார். இரண்டு வழிகளின் நல்லதையும் மலிவாகத் தருவது இந்த இரவு பில்டுதான். மேலே சொன்ன இடைவெளிக் கூத்து மாதிரியானவை இனி வந்த பதிப்பிலேயே பிடிபடும்.

இதெல்லாம் சர்வர் நிரல் எழுதும் நடுத்தர அளவுக் குழுவின் அனுபவம். ஆண்ட்ராய்டில் கணக்கே வேறு. அங்கே நான் பேசக்கூடாது. பிறர் பயன்படுத்தும் லைப்ரரியை எழுதுபவர்கள் புதிய பதிப்பு வரும் முன்பே அதன் சோதனை வெளியீட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டால், எங்களைப் போன்றவர்களின் ஜனவரி நவம்பராகும். வெளி லைப்ரரி அதிகம் இல்லாத சிறு கருவியைத் தனியாளாக எழுதுபவருக்கு மேலே சொன்ன கூட்டாளிச் சிக்கலே கிடையாது. அவர் மார்ச்சிலும் செப்டம்பரிலும் தாராளமாக மாறிக்கொள்ளலாம்.