செய்கூலி, சேதாரம் சொல்லாத வார்ப் குமிழி

ஒளியை முந்திச் செல்லும் பயணம் குறித்த 40 நிமிடக் காட்சி ஒன்றைச் சென்ற வாரம் ஒரு கோளரங்கத்தில் பார்த்தேன். கொடுத்த காசுக்கு முதற்பாதி ஒன்றே போதும்.

மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியேரே 1994-இல் முன்வைத்த, காலமும் வெளியும் இணைந்த காலவெளியையே கப்பலைச் சுற்றி வளைக்கும் வார்ப் குமிழியைப் பற்றியது அப்பகுதி. கூரை முழுவதும் பச்சைக் கட்டங்கள் விரிகின்றன. கப்பலுக்கு முன்னால் அவை நெருங்கிச் சுருங்க, பின்னால் இழுபட்டு அகல, நடுவில் ஒரு கட்டம் மட்டும் நெளியாமல் நிற்கிறது. கப்பல் இருப்பது அதற்குள்தான். காலவெளியின் ஊடே செல்லும் எப்பொருளும் தன்னருகே செல்லும் ஒளியை முந்த இயலாது என்றாலும், காலவெளி சுருங்கவும் விரியவும் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாடு அத்தகைய வரம்பை விதிக்கவில்லை என்பதைச் சமன்பாடு ஏதுமின்றி, என் பக்கத்து இருக்கைச் சிறுவனுக்கும் விளங்கும்படி காட்டிவிட்டார்கள். கப்பலுக்குள் இருப்பவர் முடுக்கத்தை உணரமாட்டார் என்ற நுட்பமும் விடுபடவில்லை.

பிற்பாதி அப்படியில்லை. குமிழிக்கு எதிர்ம ஆற்றல் (சுழியத்துக்கும் கீழான ஆற்றல்) தேவை என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். 100 மீட்டர் ஆரமுள்ள குமிழிக்கு, காணக்கூடிய பேரண்டத்தின் நிறைக்கு ஈடான ஆற்றலையும் விஞ்சும் அளவு வேண்டும் என்று 1997-இல் இயற்பியலாளர்கள் ஃபென்னிங்கும் ஃபோர்டும் கணக்கிட்டனர்; 1999-இல் வான் டென் புரூக் குமிழியின் வடிவத்தை மாற்றி, அதைச் சில சூரியன்களின் நிறை அளவுக்கு இறக்கினார். இறக்கியபின் வந்த தொகையே இது! செய்கூலி, சேதாரத்தைச் சொல்லாமல் நகையை மட்டும் மின்னவிட்டுக் காட்டும் விற்பனையாளரின் சாமர்த்தியம்தான் நினைவுக்கு வந்தது.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஒளியை முந்தும் குமிழியின் முன்சுவருக்குக் கப்பலிலிருந்து எந்தச் சமிக்ஞையும் எட்டாது. ஆகவே, உள்ளிருப்பவரால் அதைத் திருப்பவோ நிறுத்தவோ இயலாது. திரையில் வந்த கப்பல் தலைவியோ ஒரு நெம்புகோலை இழுத்து, 4.24 ஒளியாண்டு தொலைவிலுள்ள பிராக்சிமா செண்டாரி அருகே, பேருந்து நிறுத்தத்தில் நிற்பதுபோல் நின்றுவிடுகிறார்.

தொலைவிலுள்ள இரு இடங்களைக் காலவெளியின் குறுக்கே இணைக்கும் புழுத்துளையைப் பற்றிய பகுதி, தாளை மடித்துப் பென்சிலால் குத்தும் பழைய வித்தையைத் தாண்டவில்லை. அத்துளையை மூடிக்கொள்ளாமல் தாங்கவும் எதிர்ம ஆற்றலே வேண்டும் என்று மாரிசும் தோர்னும் 1988-இல் காட்டியதைச் சேர்த்திருந்தால், இரு பாதிகளும் இணைந்திருக்கும்.

தமிழ் வர்ணனை தெளிவாக இருந்தது. ஆனால் ஒரே பொருளை ‘காலவெளி’, ‘வெளிநேரம்’, ‘ஸ்பேஸ்டைம்’ என மாற்றி மாற்றிச் சொன்னதால், மூன்றும் வெவ்வேறா என்று அச்சிறுவன் தன் தாயிடம் கேட்டுக்கொண்டிருந்தான். செல்பவர்கள் பின்வரிசையின் நடு இருக்கையைக் கேட்டு வாங்கவும். முன்வரிசையில் கழுத்து வலிப்பதோடு, பச்சைக் கட்டங்களில் பாதி தலைக்குப் பின்னால் போய்விடும்.