18,400 ரூபாய் போச்சு: கிட்டார் நெக், பிக்கப் வாங்குகிறவர்கள் தயவுசெய்து படிக்கவும்

ஒரு ஆப்பில் எனக்குக் கிட்டார் பாகங்கள் விற்றவன் நேற்று ராத்திரி என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். 18 நாள் பொறுமையாகக் கேட்டேன். ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. ‘தம்பி, பாதியாவது திருப்பிக் கொடு’ என்று இறங்கிக்கூடக் கேட்டுப் பார்த்தேன். அதற்குக் கிடைத்த பதில் இதுதான். இன்னொருத்தர் ஏமாறக் கூடாது என்பதற்காக எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் மோட்டார், ஃபேன், மிக்சிக்கு காயில் கட்டுவது என் தொழில். எலெக்ட்ரிக் கிட்டார் ஆசைக்குச் செய்வது, கடை அடைத்த பிறகு ராத்திரியில். நண்பர்களின் கிட்டாருக்கு வயர் செருகுகிற ஜாக் மாற்றி, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற திருகான பாட் மாற்றி, வயரிங் முழுசாகப் புதுசாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை அக்கா மகனுக்காக ஒரு கிட்டாரை அடியிலிருந்து நானே செய்யலாம் என்று இறங்கினேன். அவன் சர்ச் பாடகர் குழுவில் இரவல் கிட்டார் வாசிக்கிறான். பாடிக்குப் பலா மரம். வீணைக்கு ஆகிற மரம் கிட்டாருக்கு ஆகாதா என்று தென்காசி ரோட்டில் ஒரு மரக்கடையில் நின்று, காய்ந்த பலகையாகத் தட்டிப் பார்த்து எடுத்தேன். அறுத்து, குடைந்து, உப்புத்தாள் போட்டு முடிக்க இரண்டு மாதம் ஆனது.

நெக், அதாவது விரல் வைத்து அழுத்துகிற நீளக் கழுத்துப் பகுதி, அதை மட்டும் கையால் செய்யத் துணியவில்லை. ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற கிட்டார் மாடலின் அளவு என்றால் கம்பியின் நீளம் 25.5 அங்குலம், 12-ஆவது ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அதன் சரிபாதியில் விழ வேண்டும். கொஞ்சம் தப்பினாலும் சுருதி சேராது. அதனால் நெக்கை வெளியே வாங்குவது என்று முடிவு செய்தேன்.

பழைய பொருள், உபரிப் பொருள் விற்கிற ஒரு ஆப்பில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். மேப்பிள் நெக் 11,800. மூன்று சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்குகிற காந்தக் காயில்), ஆல்நிகோ 5 என்ற உலோகக் கலவைக் காந்தம், செட் 5,400. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கிற டியூனர் ஆறும் 1,800. மொத்தம் 19,000. நெக்கின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 9-ஆவது ஃப்ரெட் புள்ளிக்குப் பக்கத்தில் எள் ஒட்டினமாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. இயற்கையான மரத்துக்கு அதுதான் அழகு என்று நினைத்தேன். அந்தப் பொட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவனே கூப்பிட்டான். முக்கால் மணி நேரம் பேசினான். நான் எதில் விழுந்தேன் என்று திரும்பத் திரும்ப யோசித்தால் இந்த முக்கால் மணி நேரத்தில்தான். விலையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. “பாடி என்ன மரம் அண்ணாச்சி? பலாவா! அருமையா இருக்கும்” என்றான். “பாட் என்ன போடப்போறிய? சிங்கிள் காயிலுக்கு 250 கே போடுங்க. 500 போட்டா கீச்சுனு காதைக் குத்தும்” என்றான். அது சரியான பேச்சு. வேலை தெரிந்தவன் மட்டுமே சொல்கிற பேச்சு. அப்புறம், “எங்க அம்மைக்கு அம்பாசமுத்திரம்தான் அண்ணாச்சி, சீசனுக்குக் குத்தாலம் வரும்போது உங்க கிட்டாரைப் பாக்க வாரேன்” என்றான். நெல்லைப் பேச்சு, அம்பாசமுத்திரம், கிட்டார் வேலை. மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்ததும் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

“ஆப் வழியா போட்டா கமிஷன் புடிப்பான். நேரா ஜிபே பண்ணுங்க, 600 கொறச்சுக்கிடுதேன்” என்றான். அந்த 600 ரூபாய்க்காக 18,400 ரூபாயை அதே ராத்திரி அனுப்பினேன். மூன்று மாதமாக வயல் மோட்டார் கட்டின காசில் வீட்டுச் செலவு போக எடுத்து வைத்த பணம் அது.

ஒன்பதாம் நாள் பார்சல் வந்தது. அவசரத்தில் கிழித்துத் திறந்தேன். நெக்கில் பொட்டு இல்லை. கேட்டதற்கு, “அந்த பீஸ் வேற ஒருத்தருக்குப் போயிட்டு அண்ணாச்சி, இது அதைவிட நல்ல பீஸ்” என்று செய்தி. சரி என்று விட்டேன். நாலு ஸ்க்ரூ போட்டு நெக்கை மாட்டி, கம்பி ஏற்றி, சுருதி சேர்த்து வைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பி 4 மில்லிமீட்டருக்கு மேல் எழும்பி நிற்கிறது. 2 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது. விரல் வைத்து அழுத்தவே முடியவில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆறு கம்பியும் சேர்ந்து நெக்கை 40 கிலோவுக்கு மேல் இழுக்கும். அந்த இழுப்பில் மரம் வளையாமல் எதிர்த்துப் பிடிக்கத்தான் நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி ஓடுகிறது. கம்பிகளைத் தளர்த்திவிட்டு, ஆலன் கீயை விட்டுக் கால் சுற்று திருகினேன். பிடிமானமே இல்லை. இன்னொரு கால் சுற்று. இந்தப் பக்கம் திருகினாலும் அந்தப் பக்கம் திருகினாலும் மரை போன நட்டு மாதிரி சும்மா சுற்றுகிறது. பிடியே இல்லாத ராட். அதைச் சரிசெய்ய வேண்டுமானால் ஃப்ரெட் போர்டையே பெயர்த்து எடுக்க வேண்டும். 11,800 ரூபாய் நெக் அது.

சந்தேகம் வந்து பிக்கப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தேன். ஆல்நிகோ சிங்கிள் காயில் என்றால் நடுவில் நிற்கிற ஆறு உருளையும் தானே காந்தம், அடியில் வேறு காந்தம் ஒட்டத் தேவையில்லை. இதில் ஆறும் வெறும் இரும்பு. அடியில் ஒரு கறுப்பு செராமிக் கட்டி ஒட்டியிருந்தது. மல்டிமீட்டர் வைத்தால் இரண்டு பிக்கப் ஏதோ காட்டியது, நடுப் பிக்கப் ஓப்பன். காயில் உள்ளுக்குள் அறுந்திருக்கிறது. முடியைவிட மெல்லிசான கம்பி. இருபது வருஷமாகக் காயில் கட்டுகிறவனுக்கு அறுந்த காயிலை அனுப்பியிருக்கிறான்! அதுதான் எனக்குத் தாங்கவே முடியவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். முதல் பதில்: “ஓவரா டைட் பண்ணியிருப்பிய.” நான் திருகியது மொத்தமே அரைச் சுற்று. இரண்டாவது பதில்: “உங்க ஊர்ல இப்ப சாரல், ஈரத்துல நெக் வளைஞ்சிருக்கும்.” சாரல் தென்காசியில், குற்றாலத்தில். பாளையங்கோட்டையில் காற்று மட்டும்தான் அடிக்கிறது, ஒரு சொட்டு மழை இல்லை. அம்மா ஊர் அம்பாசமுத்திரம் என்றவனுக்கு இது தெரியாதா? மூன்றாவது: “பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தியளா? வீடியோ இல்லைன்னா ஒண்ணும் பண்ண முடியாது.” அதன் பிறகு போன் எடுக்கவில்லை. செய்தி போகும், நீல டிக் விழும், பதில் வராது. என் மனைவியின் போனிலிருந்து கூப்பிட்டேன். எடுத்தான். என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான்.

அந்த ஆப்புக்கு எழுதினேன். ‘ஆப்புக்கு வெளியே நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை’ என்று இரண்டு வரி வந்தது. அவன் விளம்பரத்தையாவது நீக்குங்கள் என்றேன். ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று வந்தது. என் வங்கியில், “நீங்களே பின் போட்டு அனுப்பினதுதானே சார்” என்றார்கள். ஆமாம், நான்தான் போட்டேன். 18,400 ரூபாய். அதற்காக அது அவன் பணமாகிவிடுமா?

சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்து புகார் பதிந்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-லும் சொல்லியிருக்கிறேன். அக்கா மகன், “பரவாயில்ல மாமா, இரவல் கிட்டார் இருக்குல்லா” என்றான். அவன் அப்படிச் சொன்னதும் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. முக்கியமானது மட்டும். ஆப்புக்கு வெளியே பணம் போடாதீர்கள், எவ்வளவு குறைத்தாலும் சரி. பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ட்ரஸ் ராட் திருகுவதையும், பிக்கப்பின் அடிப்பக்கத்தையும், மல்டிமீட்டர் அளவையும் வீடியோவில் காட்டச் சொல்லுங்கள். காட்ட மாட்டேன் என்றால் வாங்காதீர்கள். வேலை தெரிந்து பேசுகிறான் என்பதற்காக மட்டும் நம்பாதீர்கள். அவ்வளவுதான் இப்போதைக்கு.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அதே ஆப்பைத் திறந்து பார்த்தேன். வேறு பெயர், வேறு ஊர், விலை 12,500. படம் மட்டும் அதே படம். 9-ஆவது ஃப்ரெட் பக்கத்தில் எள் மாதிரி அதே கறுப்புப் பொட்டு. வேற ஒருத்தருக்குப் போயிட்டு என்றானே, அந்த நெக். இப்போது யாராவது அவனிடம் பேசிக்கொண்டிருந்தால் பணத்தை அனுப்பிவிடாதீர்கள்.