ஸ்லைடு பின்னால் நிற்கவில்லை என்று பிஸ்டலைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

டெக்சாஸில் துப்பாக்கி வைத்திருக்கும் தமிழ் நண்பர்களுக்காக எழுதுகிறேன். டாலஸ் பக்கம் உள்ள ஒரு கடை, நன்றாக இருந்த என் பிஸ்டலில் பழுது இருப்பதாகச் சொல்லி, 250 டாலர் வாங்கிக்கொண்டு, அதை உண்மையிலேயே பழுதாக்கிக் கொடுத்தது. கடையின் பெயரைப் போடவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன், நீங்கள் ஏமாறாமல் இருந்தால் போதும்.

என்னுடையது க்ளாக் 19, மூன்றாம் தலைமுறை. பல வருடங்களாக ஒரு தொந்தரவும் தந்ததில்லை. அந்தக் கடையில் புதிதாக இரண்டு மேகசின் (தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியின் பிடிக்குள் செருகும் உறை) வாங்கினேன். க்ளாக் நிறுவனமே தயாரித்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். அப்புறம்தான் சுட்டுப் பழகும் ரேஞ்சில் சிக்கல் தொடங்கியது. பிஸ்டலின் மேல்பக்கம் முன்னும் பின்னும் நகரும் பகுதிதான் ஸ்லைடு. கடைசித் தோட்டாவைச் சுட்டதும் அது பின்னாலேயே நிற்க வேண்டும். அது நிற்காமல் மூடிக்கொண்டது. தோட்டா தீர்ந்தது தெரியாமல் மறுபடி விசையை இழுத்தால் 'டிக்' என்று வெறும் சத்தம்தான் வரும். தற்காப்புக்கென்று வைத்திருக்கும் துப்பாக்கியில் இது சின்ன விஷயம் இல்லை.

கடையில் துப்பாக்கி பழுதுபார்க்கும் கன்ஸ்மித்திடம் தெளிவாகச் சொன்னேன்: பழைய மேகசினில் ஸ்லைடு நிற்கிறது, உங்களிடம் வாங்கியதில்தான் நிற்கவில்லை. அவர் மேகசினைக் கையில்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "ஸ்லைடு ஸ்டாப் லீவர் தேய்ந்துவிட்டது, ரீகாயில் ஸ்பிரிங்கும் போய்விட்டது. அதனால்தான் சிலதில் பிடிக்கிறது, சிலதில் பிடிக்கவில்லை" என்றார். ஸ்லைடைப் பின்னால் பிடித்து நிறுத்துவது அந்த லீவர், பின்னால் போன ஸ்லைடை முன்னால் தள்ளுவது ரீகாயில் ஸ்பிரிங். ஒரு வாரம் கழித்து வரச் சொன்னார்.

ஸ்லைடு எப்படி நிற்கிறது என்பது தெரிந்தால் இந்தப் பேச்சு எவ்வளவு மோசமானது என்று புரியும். மேகசினுக்குள் தோட்டாக்களைத் தாங்கும் பிளாஸ்டிக் துண்டுக்கு ஃபாலோயர் என்று பெயர். கடைசித் தோட்டா போனதும் மேகசின் ஸ்பிரிங் அதை மேலே தள்ளும். ஃபாலோயர் ஸ்லைடு ஸ்டாப் லீவரை மேலே தூக்கும். பின்னால் போன ஸ்லைடு திரும்பி வரும்போது அதன் அடியில் உள்ள வெட்டில் லீவர் மாட்டிக்கொள்ளும். லீவரைக் கீழே அழுத்தி வைக்க ஒரு மெல்லிய கம்பி ஸ்பிரிங் உண்டு, மேகசின் ஸ்பிரிங் அதை மீறித் தள்ளியாக வேண்டும். ஆக, மேகசினுக்கு வலு இருக்க வேண்டும், லீவர் தடையில்லாமல் அசைய வேண்டும், ஸ்லைடு முழுத் தூரமும் பின்னால் போக வேண்டும். மேகசினை மாற்றினால் சரியாகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது மேகசினைத்தான். அடிப்படை தெரிந்த எந்த கன்ஸ்மித்துக்கும் இது ஐந்து நிமிட வேலை.

துப்பாக்கியைத் திரும்ப வாங்கியபோது பில்லில் இருந்தது: புது லீவர் 40, ரீகாயில் ஸ்பிரிங் 35, கூலி 150, 'பின்னணிச் சோதனை' 25. இந்தக் கடைசி வரி முழுக்கப் பொய். பழுதுபார்க்கக் கொடுத்த துப்பாக்கியைக் கொடுத்தவரிடமே திருப்பித் தரும்போது, துப்பாக்கி வாங்கும்போது நிரப்பும் 4473 படிவமும் தேவையில்லை, வாங்குபவரின் குற்றப் பதிவைப் பார்க்கும் பின்னணிச் சோதனையும் தேவையில்லை. இரவு கடையில் தங்கினால் அவர்கள் தங்கள் பதிவேட்டில் வரவும் செலவும் எழுத வேண்டும், அவ்வளவுதான். அதற்கு நம்மிடம் காசு கேட்க என்ன இருக்கிறது?

ரேஞ்சுக்குப் போனால் நிலைமை முன்னைவிட மோசம். இப்போது பழைய மேகசினிலும் ஸ்லைடு நிற்கவில்லை. போதாததற்குச் சுட்ட வெற்றுக் கூடு வெளியே விழாமல் வாயிலில் செங்குத்தாக நின்று சிக்கிக்கொண்டது. திரும்பப் போய்க் கேட்டேன். "நீங்கள் பிடிக்கும் பிடி தளர்வாக இருக்கிறது, கட்டைவிரல் லீவர் மேல் படுகிறது" என்றார். இது இரண்டுமே நிஜமாக நடக்கக்கூடிய காரணங்கள்தான், அதனால்தான் வாடிக்கையாளர் வாயை அடைக்க வசதியாக இருக்கிறது. ரேஞ்சில் இருந்த பயிற்றுநர் அதே துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தார். கட்டைவிரலை நன்றாக விலக்கிப் பிடித்திருந்தார். அவர் கையிலும் அதே கோளாறு.

அவர் அங்கேயே பிரித்துக் காட்டினார். ரீகாயில் ஸ்பிரிங் வழக்கத்தைவிட விறைப்பான வேறொன்று, அதனால் ஸ்லைடு முழுத் தூரம் பின்னால் போகவே இல்லை. 'புது' லீவரில் என் பழைய லீவரின் கீறல் அப்படியே இருந்தது. காசு வாங்கிய பொருளை மாற்றவே இல்லை! எனக்கு வயிறு எரிந்தது ஸ்லைடின் வெட்டைப் பார்த்தபோதுதான். கறுப்புப் பூச்சு போய் வெள்ளையாகப் பளபளத்தது. அரம் போட்டிருக்கிறார்கள். லீவர் தேய்ந்தால் சில டாலரில் வேறு வாங்கலாம், ஸ்லைடு அப்படியல்ல. அந்த விளிம்பு மழுங்கிப் போனால் திறந்து நிற்கும் ஸ்லைடு தானாக முன்னால் பாயலாம்.

மேகசினையும் பார்த்தோம். க்ளாக் தயாரிக்கும் மேகசினில் பிளாஸ்டிக் உறைக்கு உள்ளே எஃகுத் தகடு இருக்கும். எனக்கு விற்றது வெறும் பிளாஸ்டிக். ஸ்பிரிங்கும் நோஞ்சான்.

உங்களுக்கும் இந்தக் கோளாறு வந்தால் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே பாருங்கள். மேகசினைக் கழற்றி, சேம்பரை (சுடத் தயாராகத் தோட்டா நிற்கும் குழலின் பின்பகுதி) கண்ணாலும் விரலாலும் சோதித்து, தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, காலி மேகசினைப் போட்டு ஸ்லைடை முழுதாகப் பின்னால் இழுங்கள். நின்றால் லீவர் பெரும்பாலும் சரி. ஆனால் மெதுவாகக் கையால் இழுக்கும்போது நிற்கும் மேகசின், சுடும் வேகத்தில் தோற்கலாம். அதனால் ஒவ்வொரு மேகசினிலும் மார்க்கரால் எண் எழுதி, ரேஞ்சில் எது தவறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எல்லா மேகசினிலும் தவறினால் வேறு தோட்டா, வேறு ஆள் கை என்று மாற்றிப் பாருங்கள். மூன்றாம், நான்காம் தலைமுறை க்ளாக்கை யாராவது முழுதாகப் பிரித்துப் பூட்டியிருந்தால் லீவரின் கம்பி ஸ்பிரிங், மேலே குறுக்காகப் போகும் உலோகப் பின்னுக்கு (pin) அடியில் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லைடு நிற்பதோ மூடுவதோ துப்பாக்கி காலி என்பதற்குச் சாட்சி இல்லை, எப்போதும் சேம்பரைப் பாருங்கள்.

டெக்சாஸில் ஏமாற்று வணிகத்துக்கு எதிராக டிடிபிஏ என்ற சட்டம் இருக்கிறது. தேவையில்லாத பழுதுவேலையைத் தேவை என்று தெரிந்தே சொல்வதும், மாற்றாத பாகத்தை மாற்றியதாகச் சொல்வதும் அதில் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டவை. வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்பு எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும். 20,000 டாலர் வரை, சிறு வழக்குகளைக் கேட்கும் ஜஸ்டிஸ் கோர்ட்டிலேயே கேட்கலாம். பில், படங்கள், பயிற்றுநர் எழுதித் தந்த குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பினேன். முதலில் கடையிலேயே பொருள் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். பிறகு 250 டாலரும் மேகசின் காசும் வந்தன. ஸ்லைடுக்கு இன்னும் பதில் இல்லை, அதற்குத்தான் இப்போது கோர்ட்டில் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

துப்பாக்கியைக் கடையில் விடும்போது வெட்டு, லீவர், வரிசை எண் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய பாகம் என் கைக்கு வர வேண்டும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். அந்தக் கடையில் அதே மேகசின்கள் இன்னும் விற்பனைக்குத் தொங்குகின்றன. எங்கே வாங்கினாலும் காசு கொடுக்கும் முன் மேல்வாய் வழியாகப் பாருங்கள், எஃகுத் தகடு தெரிய வேண்டும்.