பிராக்கில் வரிசையில் வந்து பேச்சுக் கொடுப்பவரிடம் பணம் மாற்றாதீர்கள்

போன மாதம் குடும்பத்தோடு செக் நாட்டின் தலைநகர் பிராக் போயிருந்தோம். அங்கே புழங்கும் பணம் கொருனா. இறங்கிய அன்று சாயங்காலமே 200 யூரோவைப் பறிகொடுத்தேன். இனிமேல் போகிறவர்களாவது தப்பட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பழைய நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு பணமாற்றுக் கடை. நீளமான வரிசை. பின்னால் நின்றவர் நல்ல உடுப்பும் நிதானமான பேச்சுமாக இருந்தார். "இங்கே யூரோவுக்கு 24 கொருனாகூடத் தர மாட்டார்கள். எனக்கு யூரோ வேண்டும், 27 தருகிறேன்" என்றார். மொத்தம் 5400. நான்கு 100 கொருனா நோட்டுகளை என் கையிலேயே எண்ணி வைத்தார். அடியில் ஒரு 5000. மேலே இருந்த நூறுகளைத்தான் தடவிப் பார்த்தேன். அவை அசல்.

ராத்திரி சாப்பிட்டுவிட்டு அந்த 5000-ஐ நீட்டினேன். கல்லாவில் இருந்த பெண் வாங்கவில்லை. நோட்டிலிருந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினார். ரஷ்ய எழுத்து! பெலாரஸ் நாட்டின் பழைய ரூபிள் அது. 2016 ஜூலையில் பத்தாயிரம் பழைய ரூபிளை ஒரு புது ரூபிள் ஆக்கிவிட்டார்கள். பழசை மாற்றிக்கொள்ளும் கெடுவும் 2021 கடைசியோடு முடிந்துவிட்டது. ஆக, என் கையில் இருந்தது வெறும் காகிதம்.

செக் நோட்டில் ரஷ்ய எழுத்து இருக்கவே இருக்காது. ஆங்கில எழுத்துதான், சிலவற்றின் தலையில் சின்னக் குறியோடு. முன்பக்கம் மனித முகம் இருக்கும்: 5000-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் முதல் ஜனாதிபதி மசாரிக், 1000-ல் வரலாற்றாசிரியர் பலாட்ஸ்கி, 100-ல் அரசர் நான்காம் சார்லஸ். எனக்கு வந்ததில் ஏதோ ஒரு கட்டடம்.

போலீசில் புகார் கொடுத்தோம். அந்த ஆளுக்குப் பெயரும் இல்லை, ரசீதும் இல்லை.

எனக்கு வயிறு எரிவது இதில்தான்: 2019 ஏப்ரலிலிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. உரிமம் உள்ள கடையில் மாற்றிய பணத்தை, 1000 யூரோ மதிப்பு வரைக்கும், மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போய்த் திருப்பிக் கேட்கலாம். கமிஷன் என்று தனியாகப் பிடிக்கவும் கூடாது. அந்த வரிசையில் இன்னும் பத்து நிமிடம் நின்றிருந்தால், ரேட் மோசமாக இருந்தாலும் பணம் திரும்பி வந்திருக்கும். தெருவில் மாற்றியதற்கு அந்தச் சட்டம் எட்டாது.

அப்புறம், மறுநாள் ஏடிஎம்மில் எடுத்தோம். உங்கள் ஊர்ப் பணத்திலேயே கணக்கிடட்டுமா என்று திரையில் கேட்கும். வேண்டாம் என்று சொல்லி, கொருனாவிலேயே எடுங்கள். ஒத்துக்கொண்டால் அந்த மெஷின்காரர் வைத்ததுதான் ரேட்.