நின்று கெடும் வண்டி: பெரிய டீசல் மோட்டார்ஹோம், பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

பின்பக்கம் எஞ்சின் உள்ள பெரிய டீசல் மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கி வாழ வசதியுள்ள வண்டியை, பல வருடம் வைத்திருந்தால் ஒன்று புரியும்: ஓடித் தேய்வதைவிட நின்று கெடுவதுதான் இதில் அதிகம். கிலோமீட்டர் கணக்கை மட்டும் பார்த்துப் பராமரித்தால் வண்டி காலை வாரிவிடும், காலண்டரும் கூடவே வேண்டும். எவ்வளவு குறைவாக ஓடியிருந்தாலும் எஞ்சின் ஆயிலையும் ஆயில் ஃபில்டரையும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும்.

டயரும் அப்படித்தான். பட்டன் புதிதுபோல இருக்கும், ரப்பர் மட்டும் காய்ந்து பக்கவாட்டில் கீறல் விட்டிருக்கும். டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்று தொடங்கும் எழுத்து வரிசையின் கடைசி 4 எண்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் வருடத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. 5 வருடம் தாண்டினால் வருடாவருடம் சோதிக்க வேண்டும், பின்பக்க ஜோடிச் சக்கரத்தின் உள் டயரையும் சேர்த்து. 10 வருடத்துக்கு மேல் ஓட்டவே கூடாது. காற்று அளவுக்கு, தண்ணீரும் டீசலும் நிரப்பிய வண்டியை எடைமேடையில் ஏற்றி, முடிந்தால் ஒவ்வொரு மூலையையும் தனியாக எடை போட்டு, டயர் நிறுவனத்தின் சுமை அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அச்சில் கனமான பக்கத்துக்கு என்ன காற்றோ, மறுபக்கத்துக்கும் அதேதான்.

அதிகம் தவறாகக் கணிக்கப்படுவது எஞ்சின் சூடேறும் கோளாறு. சமதளத்தில் சரியாக ஓடி, நீண்ட ஏற்றத்தில் மட்டும் முள் ஏறினால் தெர்மோஸ்டாட்டையும் வாட்டர் பம்பையும் மாற்ற அவசரப்பட வேண்டாம். பின்பக்க ரேடியேட்டர் என்றால் அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் சார்ஜ் ஏர் கூலர் (டர்போ அழுத்தி அனுப்பும் சூடான காற்றைக் குளிர்விப்பது) இருக்கும். எஞ்சினின் பிரீதர் குழாயிலிருந்து (உள்ளே சேரும் வாயு வெளியேறும் குழாய்) வரும் ஆயில் புகையை ஃபேன் அதன்மேல் அடிக்கும், சாலைத் தூசி அதில் ஒட்டிப் பிசின்போல இறுகிவிடும். வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் ரேடியேட்டர் பளிச்சென்றிருக்கும், அடைப்பு எஞ்சின் பக்கத்தில். படுக்கைக்குக் கீழுள்ள மூடியைத் திறந்து டார்ச் அடித்தால்தான் கண்ணில் படும்.

கழுவுவதும் எஞ்சின் பக்கத்திலிருந்துதான். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரைப் பிளாஸ்டிக் பையால் மூடி, அலுமினியத்தை அரிக்காத டிகிரீசரைத் தெளித்து 15 நிமிடம் ஊறவிட்டு, சாதாரண தோட்டக் குழாய்த் தண்ணீரால் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டாம், கூலரின் மெல்லிய தகட்டு இதழ்கள் மடங்கிவிடும். வழியும் தண்ணீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். பிறகு பிரீதர் குழாயை ஃபேன் காற்றுக்கு எட்டாத இடம்வரை நீட்டிவிடுங்கள். நீட்டாமல் விட்டால் அதே அழுக்கு மறுபடி சேரும். ஆயிலைக் கூடுதலாக ஊற்றினாலும் பிரீதர் வழியாகத்தான் வெளியேறும், அதனால் அளந்தே ஊற்றுங்கள். ஏற்றத்தில் ஒரு கியர் இறக்கி ஆர்.பி.எம்.மை உயர்த்தினால் வாட்டர் பம்ப் வேகமாகச் சுற்றும், எஞ்சினே சுழற்றும் ஃபேனும் அப்படியே, சூடு இறங்கும். ஐடிலிங்கிலேயே சூடேறினால் ஃபேன், கூலன்ட் அளவு, தெர்மோஸ்டாட் என்று தேடுவது நியாயம்.

இரண்டு வகைக் கூலன்ட்டைக் கலக்கவே கூடாது. பழைய வகைக் கூலன்ட் ஓடும் எஞ்சினில் அதில் சேர்க்கும் காப்பு மருந்தின் அளவைச் சோதனைத் தாளால் பார்த்துவர வேண்டும். அது குறைந்தால் சிலிண்டர் லைனரின் வெளிச்சுவரில் ஊசித்துளை விழும்.

செல்ஃப் எடுக்கவில்லை என்றாலோ, ஸ்லைடு (வெளியே நீளும் அறைப் பகுதி) பாதியில் நின்றாலோ, வண்டியைச் சமமாக நிறுத்தும் லெவலிங் பேனல் காரணமில்லாமல் பிழை காட்டினாலோ, சர்க்யூட் போர்டு வாங்கும் முன் வோல்டேஜ் பாருங்கள். லெட் ஆசிட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்டினால் முழு சார்ஜ், 12.1 என்றால் பாதி போய்விட்டது. அடுத்தது எர்த். மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தண்டிலேயே, கிளாம்பில் அல்ல, வைத்து மறுமுனையை எஞ்சின் பிளாக்கில் வையுங்கள். ஒருவர் செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் நல்லது, 0.5 தாண்டினால் எர்த் இணைப்பில் துரு. கழற்றி உலோகம் மின்னும்வரை தேய்த்து முடுக்குங்கள். புதுப் பேட்டரி போட்டும் தீராத பல கோளாறுகள் இதில் தீர்ந்துவிடும்.

ஏர் பிரேக் சோதனைக்கு 5 நிமிடம் போதும். சக்கரங்களுக்குக் கட்டை வைத்துக் காற்றை முழுதாக ஏற்றி, எஞ்சினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். நிமிடத்துக்கு 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது, பெடலை அழுத்திப் பிடித்தால் 3. காற்று டேங்கின் வடிகாலைத் திறக்கும்போது தண்ணீர் வந்தால், காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் கார்ட்ரிட்ஜ் முடிந்தது, ஆயில் வந்தால் கம்ப்ரசரில் கோளாறு. கசிவு தேட வண்டிக்குக் கீழே போவதற்கு முன் சேசிஸுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு வைப்பது கட்டாயம். வண்டியைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஏர் பையையும் லெவலிங் ஜாக்கியையும் நம்பிப் படுக்காதீர்கள். காற்று திடீரென்று இறங்கினால் பல டன் எடை மேலே உட்காரும், உருண்டு வெளியே வர நேரமிருக்காது.

ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் டீசல் ஃபில்டர். நிறுத்தி வைக்கும் மாதங்களில் டீசல் டேங்கை நிறைத்தே வையுங்கள். காலியிடம் இருந்தால் உள்சுவரில் நீர் கட்டும், அதில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புப் பாசியாக ஃபில்டரை அடைக்கும். மாற்று ஃபில்டர் ஒரு ஜோடி வண்டியிலேயே இருக்கட்டும். எஞ்சினுக்கு அருகிலுள்ள நுண் ஃபில்டருக்குள் வெளியிலிருந்து டீசல் ஊற்றாதீர்கள், பிரைமிங் பம்பால் ஏற்றுங்கள். வடிகட்டாத ஒரு துளி இன்ஜெக்டருக்குப் போனாலும் சேதம்தான்.

ஜெனரேட்டரை மாதம் ஒரு முறை 2 மணி நேரம், பாதிச் சுமைக்குக் குறையாமல், ஏ.சி.யைப் போட்டு ஓட்டுங்கள். சுமை இல்லாமல் ஓட்டினால் எரியாத டீசல் எக்ஸாஸ்டில் படியும். டேங்க் கால் பங்குக்கு இறங்கியதும் அது தானாக நின்றால் கோளாறு இல்லை. ஊர் போய்ச் சேர டீசல் மிஞ்சட்டும் என்றே அதன் உறிஞ்சு குழாயைப் பல வண்டிகளில் குட்டையாக வைத்திருப்பார்கள்.