பழைய தோட்ட டிராக்டருக்கு எல்இடி விளக்குகள்: வாங்கிய இரண்டில் நிலைத்தது ஒன்று

என்னிடம் உள்ள தோட்ட டிராக்டர் முப்பது ஆண்டுகளைக் கடந்தது. என்ஜினில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றாலும், பொழுது சாய்ந்த பிறகு அதன் முன்விளக்குகள் பானெட்டின் நுனிக்கு அப்பால் உருப்படியாக எதையும் காட்டுவதில்லை. இக்குறையைப் போக்க இரண்டு வகைப் பொருள்களை வாங்கிப் பொருத்திப் பார்த்தேன். முதலாவது, பழைய ஹோல்டரிலேயே செருகக்கூடிய எல்இடி பல்பு ஒரு ஜோடி. இரண்டாவது, 18 வாட் என்று குறிக்கப்பட்ட, அலுமினிய உடல் கொண்ட சதுர வடிவ ஃபிளட் விளக்கு ஒரு ஜோடி. பல்புகள் மூன்றே வாரங்களில் மேசை இழுப்பறைக்குப் போய்விட்டன. ஃபிளட் விளக்குகள் இரண்டாவது பருவமாக வண்டியில் இருக்கின்றன.

இவ்வகை டிராக்டர்கள் பலவற்றில் 1156 என்ற எண்ணுடைய ஒற்றை முனை இழை பல்புதான் இருக்கும். அது ஏறத்தாழ 27 வாட் மின்சாரத்தை எடுத்துக்கொண்டு 400 லூமென் அளவுக்கு ஒளி தரும். அதே அடிப்பகுதியுடன் வரும் எல்இடி பல்பைச் செருகுவதற்கு ஸ்குரூடிரைவர்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் பழைய கிண்ண வடிவப் பிரதிபலிப்பான், மெல்லிய இழை இருக்கும் ஒரே புள்ளியிலிருந்து வரும் ஒளியைத் திரட்டி முன்னே அனுப்புவதற்காக வடிவமைக்கப்பட்டது. எல்இடி பல்பிலோ ஒளிச் சில்லுகள் தண்டைச் சுற்றி ஒட்டப்பட்டிருப்பதால், ஒளியில் பெரும்பகுதி மேலும் பக்கவாட்டிலும் சிதறி, வேலிக்கு வெளிச்சம் தந்ததே தவிரத் தரைக்குத் தரவில்லை. நேரில் பார்த்தால் கண் கூசும், எதிரே உள்ள புல் தெரியாது.

இதைவிடப் பெரிய சிக்கல் மின்சாரத்தில் இருந்தது. பொருளின் அட்டைப்பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பதே என் முதன்மையான குறை. காரில் விளக்குகள் பேட்டரியிலிருந்து நேர்மின்னோட்டம் பெறுகின்றன. பழைய தோட்ட டிராக்டர்கள் பலவற்றில் ஃபிளைவீலுக்கு அடியில் உள்ள, மின்சாரம் உண்டாக்கும் சுருளான ஸ்டேட்டரிலிருந்து இரண்டு ஒயர்கள் வெளியே வரும்: ஒன்று, மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டையோடு வழியாகப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும், மற்றது திசை மாறி மாறிப் பாயும் மாறுமின்னோட்டத்தை நேராக விளக்குகளுக்கு அனுப்பும். பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் என்ஜின்களில் பரவலாகக் காணப்படும் இரட்டைச் சுற்றில், சார்ஜ் செய்யும் சிவப்பு ஒயரின் திறன் சுமார் 3 ஆம்பியர், விளக்குக்கான கறுப்பு ஒயரின் திறன் சுமார் 5 ஆம்பியர். என்ஜினை நிறுத்தியதும் உங்கள் வண்டியின் விளக்கும் அணைந்துவிடுகிறது, ரேஸ் செய்தால் ஒளி கூடுகிறது என்றால், நீங்களும் இதே வகை வண்டியைத்தான் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளலாம்.

இழை பல்புக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. இழை சூடாக இருக்கும்வரை எரியும். எல்இடியோ மின்னோட்டம் ஒரு திசையில் பாயும்போது மட்டும் ஒளிர்ந்து மறுதிசையில் அணைந்துவிடுவதால், என்ஜின் ஐடிலில் ஓடும்போது விளக்கு படபடவென்று துடிக்கிறது. இந்தத் துடிப்பில், சுழன்றுகொண்டிருக்கும் புல்லி அசையாமல் நிற்பதுபோலக் கண்ணுக்குத் தோன்றக்கூடும் என்பதால், இதை வெறும் கண் உறுத்தல் என்று ஒதுக்கிவிட முடியாது. முழு வேகத்தில் என் மல்டிமீட்டர் விளக்கு ஒயரில் 16 வோல்ட் காட்டியது. மாறுமின்னோட்டத்தின் உச்சம் அதைப்போல் 1.4 மடங்கு, அதாவது 22 வோல்ட்டுக்கு மேல். 14 வோல்ட் வரை மட்டுமே தாங்கும் பல்புகளில் ஒன்று மூன்றாம் வாரம் கருகியதில் வியப்பில்லை.

ஃபிளட் விளக்குகளை வாங்கும்போது ஆகவே முதலில் பார்த்தது லூமென் எண்ணை அல்ல, 10 முதல் 30 வோல்ட் வரை என்ற குறிப்பைத்தான். 18 வாட் என்று அச்சிட்டிருந்தாலும், பேட்டரியில் இணைத்து அளந்தபோது ஒவ்வொன்றும் 1.1 ஆம்பியர், அதாவது 14 வாட் அளவே எடுத்தது; இத்தகைய மிகைப்படுத்தலுக்கு நாம் பழகிவிட்டோம். இரண்டையும் பேட்டரியிலிருந்தே இயக்கலாம் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் முழு வேகத்தில்தான் கிடைக்கும் 3 ஆம்பியரில் 2.2 ஆம்பியரை விளக்குகளே எடுத்துக்கொண்டால், மெதுவாக ஓட்டும் வேலைகளில் பேட்டரி இறங்கிக்கொண்டே போகும். எனவே கறுப்பு ஒயரிலேயே, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும், நான்கு டையோடு கொண்ட பிரிட்ஜ் ரெக்டிஃபையர் ஒன்றையும், அதன் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய 50 வோல்ட் தாங்கும் 4700 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றையும் இணைத்தேன். துடிப்பு முற்றிலும் நின்றது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியமாகிறது. ஸ்டேட்டர் சுருளின் மறுமுனை என்ஜின் உடலோடு இணைக்கப்பட்டிருப்பதால், ரெக்டிஃபையரின் நெகட்டிவ் முனையைச் சாசியில் (வண்டியின் உலோகச் சட்டத்தில்) எர்த் செய்தால், ஒரு டையோடு பாதிச் சுழற்சிதோறும் சுருளை நேராக ஷார்ட் செய்துவிடும். விளக்குக்கான இரண்டு ஒயர்களையும் சாசியைத் தொடாமல் தனியாகவே இழுத்துவர வேண்டும். விளக்கின் அலுமினிய உடலுக்கும் அதன் நெகட்டிவ் ஒயருக்கும் தொடர்பில்லை என்பதைப் பொருத்துவதற்கு முன்பே மீட்டரால் சோதித்துக்கொள்ள வேண்டும். நான் வாங்கிய ஜோடியில் தொடர்பு இல்லை. 6 வோல்ட் பேட்டரி கொண்ட மிகப் பழைய வண்டிகளுக்கு இந்த விளக்குகள் பயன்படா.

ஒளியைப் பொறுத்தவரை எனக்கு முழு நிறைவு. 60 பாகை விரிவு என்பதால் புல் வெட்டும் தளத்தின் இரு ஓரங்களும் நிழலின்றித் தெரிகின்றன. மணிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் நகரும் வண்டிக்குத் தொலைவில் குவியும் ஸ்பாட் விளக்கால் பயன் குறைவு. பானெட்டின் மேல் வைத்தபோது அதன் வண்ணப்பூச்சிலேயே ஒளி பட்டுக் கண்ணில் அடித்ததால், முன் கிரில்லுக்குக் கீழே இறக்கினேன். 6000 கெல்வின் என்ற நீலம் கலந்த வெண்மைதான் எனக்குப் பிடிக்கவில்லை. காய்ந்த புல்லை வெட்டும்போது எழும் தூசியில் அது வெண்திரை விரித்ததுபோலாகிவிடுகிறது. நீலம் குறைந்த 4000 கெல்வினில் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

உடன் வந்த தாங்கிகள் தரமானவை. நட்டுகள் அப்படி இல்லை. ஒற்றை சிலிண்டர் என்ஜினின் அதிர்வில் இரண்டாம் நாளே தளர்ந்தன. நைலான் வளையம் கொண்ட நட்டுகளுக்கு மாற்றிய பிறகு அசையவில்லை. ஐபி67 என்ற குறியீட்டின்படி தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கும். ஆனால் பிரஷர் வாஷரின் பீச்சலுக்கு அது உத்தரவாதம் அல்ல என்பதால் கழுவும்போது அந்தப் பக்கம் குழாயைத் திருப்புவதில்லை.

பழைய முன்விளக்குகளில் இழை பல்புகளையே மீண்டும் போட்டுவிட்டேன். அவை இரண்டும் சேர்ந்து 4 ஆம்பியருக்கு மேல் எடுப்பதால், எல்இடிகளோடு ஒரே நேரத்தில் எரிந்தால் ஸ்டேட்டரின் 5 ஆம்பியர் போதாது. ஆகையால் அது அல்லது இது என்று மாறும் இருவழிச் சுவிட்ச் ஒன்றை டேஷ்போர்டில் பொருத்தியிருக்கிறேன்.